மேவன் செருகுநிரல்களின் சார்புகளைக் கையாளுதல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜாவா திட்டமொன்றில் புதிதாகச் சேர்பவர் முதல் வாரத்திலேயே திட்டத்தைக் கட்டும் விதத்தை மேவன் என்ற கருவிக்குச் சொல்லும் பாம் கோப்பைத் திறந்து, தமக்கு வேண்டிய நூலகத்தின் பெயரையும் பதிப்பெண்ணையும் சார்புகளின் பட்டியலில் எழுதக் கற்றுக்கொண்டுவிடுகிறார். சில மாதங்கள் கழித்து ஒருநாள், அதே நூலகம் கிடைக்கவில்லை என்று மேவன் சொல்கிறது. பட்டியலில் அது இருக்கிறது. கணினியில் மேவன் தரவிறக்கிவைக்கும் உள்ளூர்க் களஞ்சியத்தில் அதன் ஜார் கோப்பும் இருக்கிறது. மூலநிரல் பிழையின்றித் தொகுக்கப்படவும் செய்கிறது. ஆனாலும் பில்ட் பாதியில் நின்றுவிடுகிறது. இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: நூலகத்தைத் தேடியது உங்கள் திட்டமன்று, திட்டத்தைக் கட்டிக்கொண்டிருந்த செருகுநிரல் (ப்ளகின்). அது தேடுகிற இடம் வேறு.

அந்த வேறு இடத்தில் எதை எழுதுவது, எப்படி எழுதுவது, தவறினால் எங்கே பார்ப்பது என்பவற்றை இக்கட்டுரை மேவன் 3 வரிசையை வைத்து விளக்குகிறது. குறிகளின் பெயர்களையும் கட்டளைகளையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பிலும் முனையத்திலும் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே இட வேண்டும்.

முதலில், யாருடைய சார்பு என்று பிரித்தறியுங்கள்

மேவன் தானாகச் செய்கிற வேலை மிகக் குறைவு. மூலநிரலைத் தொகுப்பது கம்பைலர் செருகுநிரல். சோதனைகளை ஓட்டுவது ஷ்யூர்ஃபயர். ஜார் கோப்பாகக் கட்டுவது ஜார் செருகுநிரல். கட்டியதை உள்ளூர்க் களஞ்சியத்தில் கொண்டுபோய் வைப்பதுகூட இன்ஸ்டால் என்ற செருகுநிரல்தான். இவை ஒவ்வொன்றும் தனித்தனி ஜாவா நிரல்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு பாம் கோப்பு உண்டு. தனக்கு எந்தெந்த நூலகங்கள் வேண்டும் என்பதை அது அங்கே எழுதிவைத்திருக்கிறது. ஒரு செருகுநிரலை இயக்க வேண்டிய வேளை வந்ததும், மேவன் அந்தப் பாம் கோப்பைப் படித்து, அதில் கண்ட நூலகங்களைத் தரவிறக்கி, அந்தச் செருகுநிரலுக்கென்றே தனியாக, வகுப்புகளை நினைவகத்தில் ஏற்றும் ஒரு கிளாஸ்லோடரை அமைக்கிறது. மேவனின் வழக்கில் இதற்குக் கிளாஸ் ரெல்ம் என்று பெயர். உங்கள் திட்டத்தின் சார்புகள் இதற்குள் வருவதில்லை.

வீடு கட்டுவதோடு ஒப்பிட்டால் இது எளிதாக விளங்கும். நாம் வாங்கிப் போட்ட செங்கல்லும் சிமென்ட்டும் வீட்டோடு நின்றுவிடும். கொத்தனார் கொண்டுவந்த கரண்டியும் தூக்குக்குண்டும் வேலை முடிந்ததும் அவரோடு போய்விடும். திட்டச் சார்புகள் செங்கல்; செருகுநிரல் சார்புகள் கருவிப் பை. இரண்டையும் ஒரே குவியலில் போட்டிருந்தால், பழைய பதிப்பு நூலகமொன்றை நம்பியிருக்கும் உங்கள் திட்டமும் அதன் புதிய பதிப்பைக் கேட்கும் செருகுநிரலும் ஒன்றையொன்று உடைத்துக்கொண்டிருக்கும்.

ஓர் ஐயம் இங்கே எழும். திட்டத்தின் சார்புகள் கம்பைலர் செருகுநிரலுக்குத் தெரியாவிட்டால், அது எப்படி மூலநிரலைத் தொகுக்கிறது? சார்புகளின் பட்டியலை மேவனிடமிருந்து கேட்டு வாங்கி, அதை ஜாவா தொகுப்பானிடம், வகுப்புகளைத் தேடும் இடங்களின் பட்டியலான கிளாஸ்பாத்தாகக் கொடுக்கிறது என்பதே விடை. ஷ்யூர்ஃபயரும் அப்படித்தான்: சோதனைகளுக்கு வேண்டிய கிளாஸ்பாத்தைத் தயாரித்து, இயல்பாகத் தனியொரு ஜாவா இயந்திரத்தைத் தொடங்கி, சோதனைகளை அங்கே ஓட்டுகிறது. பட்டியலைக் கையில் வாங்கிக்கொள்வது வேறு, அந்த நூலகங்களோடு சேர்ந்து வாழ்வது வேறு.

எனவே ஒரு நூலகத்தைச் சேர்ப்பதற்கு முன், அதை அழைக்கப்போவது யார் என்று கேளுங்கள். உங்கள் நிரலின் இம்போர்ட் வரியில் அதன் பெயர் வருமானால் அது திட்டச் சார்பு. உங்கள் நிரலில் எங்குமே வராமல், ஒரு செருகுநிரலின் வேலைக்கு மட்டும் தேவைப்படுமானால் அது செருகுநிரல் சார்பு. தரவுத்தள டிரைவர் போன்ற சில, இரண்டு இடத்திலும் எழுதப்பட வேண்டியவை. அப்படி இருமுறை எழுதுவதை வீண் என்று நினைத்து ஒன்றை நீக்கிவிடாதீர்கள்.

மூன்றாவதாக ஓர் இடமும் உண்டு. புதியவர்கள் அதையும் இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். நிரலிலுள்ள அனோட்டேஷன் குறிகளைப் படித்து, தொகுக்கும்போதே கூடுதல் நிரலை உருவாக்கும் லாம்பாக், மேப்ஸ்ட்ரக்ட் போன்ற அனோட்டேஷன் பிராசஸர்கள் செருகுநிரலுக்குள் ஓடுவதில்லை, ஜாவா தொகுப்பானுக்குள் ஓடுகின்றன. ஆகவே கம்பைலர் செருகுநிரலின் சார்புகளில் அவற்றை எழுதிப் பயனில்லை. அதன் கான்ஃபிகரேஷன் பகுதியில் அனோட்டேஷன்பிராசஸர்பாத்ஸ் என்ற குறிக்குள் எழுத வேண்டும். ஜேடிகே 23 முதல், வெளிப்படையாகக் கேட்டாலொழியத் தொகுப்பான் இந்தப் பிராசஸர்களை இயக்குவதில்லை என்பதால், திட்டச் சார்புகளில் போட்டுவைத்தால் தானாக எடுத்துக்கொள்ளும் என்ற பழைய பழக்கமும் இனி உதவாது.

சார்பைத் தொடுமுன் செருகுநிரலின் பதிப்பை நிலைப்படுத்துங்கள்

செருகுநிரலுக்கு எந்த நூலகங்கள் வரும் என்பதை அதன் பதிப்புதான் முடிவு செய்கிறது. அந்தப் பதிப்பை நீங்கள் எழுதாமல் விட்டால், கம்பைலர், ஜார் போன்ற அடிப்படைச் செருகுநிரல்களுக்கு மேவன் தன்னுள் பதிந்துவைத்திருக்கும் பதிப்பை எடுத்துக்கொள்ளும். அது மேவனின் ஒவ்வொரு வெளியீட்டிலும் மாறக்கூடியது. மற்றவற்றுக்குக் களஞ்சியத்தில் கிடைக்கும் மிகப் புதிய வெளியீட்டைத் தேர்ந்தெடுக்கும். ஆக, ஒரே பாம் கோப்பு உங்கள் மடிக்கணினியில் ஒரு விதமாகவும் பில்ட் சர்வரில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளலாம். பதிப்பு எழுதப்படவில்லை என்று மேவன் மஞ்சள் நிறத்தில் எச்சரிப்பதைப் பலர் படிப்பதே இல்லை. அந்த எச்சரிக்கையை நான் பிழையாகவே கருதுகிறேன். நீங்களும் அப்படிக் கருதினால் பின்னால் பல மணி நேரம் மிச்சமாகும். எல்லோரும் இதைக் கடைப்பிடிக்க வேண்டுமென்றால், எல்லாச் செருகுநிரல்களுக்கும் பதிப்பு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பில்டை நிறுத்தும் விதியொன்று என்ஃபோர்சர் செருகுநிரலில் இருக்கிறது. அதன் பெயர் ரிக்வயர்ப்ளகின்வெர்ஷன்ஸ்.

செருகுநிரலுக்குள் ஒரு சார்பைச் சேர்த்தல்

இணைப்புச் சோதனைகள் தொடங்குவதற்கு முன் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சில அட்டவணைகளை உருவாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மோஜோஹாஸ் குழுவினரின் எஸ்க்யூஎல் செருகுநிரல் இதற்கு ஏற்றது. அது எந்தத் தரவுத்தளத்தோடும் பேசக்கூடியது. ஆனால் எந்தத் தரவுத்தளத்தின் டிரைவரையும் தன்னோடு கொண்டுவருவதில்லை. எல்லா டிரைவர்களையும் சுமந்துவர அதற்கு வேண்டிய அவசியமில்லை. உங்களுக்கு எது வேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் திட்டச் சார்புகளில் போஸ்ட்கிரெஸ் டிரைவர் ஏற்கெனவே இருந்தாலும், இந்தச் செருகுநிரலை அப்படியே ஓட்டினால் டிரைவர் வகுப்பு கிடைக்கவில்லை என்ற பிழையோடு அது நின்றுவிடும்.

சரிசெய்யும் முறை இது. பாம் கோப்பில் பில்ட் குறிக்குள் ப்ளகின்ஸ், அதற்குள் இந்தச் செருகுநிரலுக்கான ப்ளகின் குறி இருக்கும். அதில் குரூப்ஐடி, ஆர்ட்டிஃபேக்ட்ஐடி, வெர்ஷன் ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அப்பாச்சி மேவன் குழுவின் செருகுநிரல்களுக்குக் குரூப்ஐடியை விட்டுவிடலாம். மோஜோஹாஸ் போன்ற பிறர் எழுதியவற்றுக்கு விடக் கூடாது. அடுத்து, எக்ஸிக்யூஷன்ஸ், கான்ஃபிகரேஷன் ஆகிய குறிகள் நிற்கும் அதே மட்டத்தில், ப்ளகின் குறியின் நேரடிப் பிள்ளையாக, டிபென்டென்சிஸ் என்ற குறியைத் திறந்து, அதனுள் ஒரு டிபென்டென்சி குறியையும், அதற்குள் போஸ்ட்கிரெஸ் டிரைவரின் குரூப்ஐடி, ஆர்ட்டிஃபேக்ட்ஐடி, வெர்ஷன் ஆகியவற்றையும் எழுதுங்கள். அவ்வளவுதான். அடுத்த முறை ஓட்டும்போது டிரைவர் செருகுநிரலின் கிளாஸ் ரெல்முக்குள் சேர்ந்துவிடும்.

இதில் கால் இடறும் இடங்கள் சில உண்டு.

டிபென்டென்சிஸ் குறி நிற்கும் மட்டம் மிக முக்கியம். அதை எக்ஸிக்யூஷனுக்குள் போட்டால், அறியாத குறி என்று மேவன் உடனே நிறுத்திவிடும், அது நல்லது. கான்ஃபிகரேஷனுக்குள் போட்டாலோ, அதைச் செருகுநிரலுக்கான ஓர் அமைப்பாக எண்ணிக்கொண்டு மேவன் மேலே போய்விடும். நீங்கள் எழுதிய நூலகம் எங்கும் சேராது. 3.9 வரிசையில், இந்தப் பெயருள்ள அமைப்பு இந்தச் செருகுநிரலுக்குத் தெரியாது என்ற எச்சரிக்கையாவது வருகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் அதுவும் இல்லை.

பதிப்பெண்ணை இங்கே கட்டாயம் எழுத வேண்டும். டிபென்டென்சிமேனேஜ்மென்ட் பகுதியில் பதிப்பை ஒருமுறை எழுதிவிட்டு மற்ற இடங்களில் பெயரை மட்டும் எழுதிப் பழகியவர்கள், அதே வழக்கம் இங்கும் செல்லும் என்று எதிர்பார்க்கிறார்கள். செல்லாது, அந்தப் பகுதி திட்டச் சார்புகளை மட்டுமே ஆளுகிறது. இரண்டு இடங்களில் இரண்டு பதிப்புகள் பிரிந்துபோகாமல் இருக்க, பதிப்பெண்ணைப் ப்ராபர்டீஸ் பகுதியில் ஒரு பெயரிட்டு வைத்து, இரு இடத்திலும் அந்தப் பெயரையே சுட்டுங்கள். ஸ்பிரிங் பூட்டின் ஸ்டார்ட்டர் பேரண்ட்டைப் பெற்றோராகக் கொண்ட திட்டமானால், போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.வெர்ஷன் என்ற பெயர் அங்கிருந்தே மரபுவழியாக உங்களுக்குக் கிடைக்கும். ஸ்பிரிங் பூட்டின் சார்புப் பதிப்புப் பட்டியலைப் பெற்றோராக அல்லாமல் இம்போர்ட் செய்திருந்தால் அந்தப் பெயர்கள் வராது. நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

திட்டச் சார்புகளிலிருந்து வரிகளை நகலெடுத்து ஒட்டும்போது, சார்பு எப்போது தேவை என்று குறிக்கும் ஸ்கோப் என்ற வரியையும் சேர்த்து ஒட்டிவிடுவது வழக்கம். டெஸ்ட், ப்ரொவைடட் போன்ற பாகுபாடுகளுக்குச் செருகுநிரலுக்குள் பொருளில்லை. அந்த வரியை நீக்கிவிடுங்கள். படிப்பவரைக் குழப்புவதைத் தவிர அது வேறெதையும் செய்யாது.

மேலும், சார்புகள் செருகுநிரலுக்கு உரியவையே தவிர, அதன் தனித்தனி எக்ஸிக்யூஷன்களுக்கு உரியவை அல்ல. ஒரே மாட்யூலில் (தனிப் பாம் கோப்புள்ள, திட்டத்தின் ஒரு பகுதியில்) ஒரு செருகுநிரலை இரண்டு முறை ஓட்டி, முதல் ஓட்டத்துக்கு ஒரு நூலகப் பதிப்பும் இரண்டாவதற்கு வேறு பதிப்பும் கொடுக்க வழியில்லை. அப்படி ஒரு தேவை உண்மையிலேயே வந்தால் மாட்யூலைப் பிரிப்பதுதான் தீர்வு.

செருகுநிரலோடு வரும் நூலகத்தின் பதிப்பை மாற்றுதல்

மேலே கண்டது இல்லாத ஒன்றைச் சேர்ப்பது. இருக்கிற ஒன்றை மாற்றுவதும் அதே குறிகளால்தான் நடக்கிறது. செருகுநிரலின் சொந்தப் பாம் கோப்பில் உள்ள ஒரு நூலகத்தை, அதே குரூப்ஐடி, ஆர்ட்டிஃபேக்ட்ஐடியோடு வேறு பதிப்பெண் கொடுத்து உங்கள் ப்ளகின் குறிக்குள் எழுதினால், உங்கள் பதிப்பே வெல்லும்.

இதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு செக்ஸ்டைல். நிரல் எழுதும் நடையைச் சரிபார்க்கும் செக்ஸ்டைல் ஒரு தனி நூலகம். அதை மேவனுக்குள் கொண்டுவரும் செக்ஸ்டைல் செருகுநிரல் வேறு குழுவினருடையது. செருகுநிரலின் 3 வரிசைப் பதிப்புகள் ஜாவா 8 இலும் ஓட வேண்டும் என்பதற்காக, நெடுங்காலமாகச் செக்ஸ்டைல் 9.3 ஐயே இயல்பாக எடுத்துக்கொள்கின்றன. ஏனெனில் செக்ஸ்டைல் 10 முதல் ஜாவா 11 தேவை. உங்கள் திட்டம் ஜாவா 21 இல் நிலைபெற்ற ரெக்கார்ட் பேட்டர்ன்களைப் பயன்படுத்தினால், அவை உருவாவதற்கு முன்பே வெளிவந்த 9.3 அந்த வரிகளைப் புரிந்துகொள்ளாமல் பிழை கூறும். நிரலில் தவறேதும் இல்லை. சரிபார்ப்பவருக்கு இலக்கணம் பழையது. செக்ஸ்டைல் செருகுநிரலின் ப்ளகின் குறிக்குள் செக்ஸ்டைல் நூலகத்தை 10 வரிசையின் அண்மைப் பதிப்போடு சார்பாக எழுதினால் இது தீர்ந்துவிடும்.

ஆனால் இப்படி மாற்றும்போது, செருகுநிரலை எழுதியவர்கள் சோதித்துப் பார்க்காத ஒரு கூட்டணியை நீங்கள் உருவாக்குகிறீர்கள் என்பதை மறவாதீர்கள். செக்ஸ்டைல் செருகுநிரல் இத்தகைய மாற்றத்தை எதிர்பார்த்தே எழுதப்பட்டது. அதன் ஆவணங்களிலேயே வழி சொல்லப்பட்டிருக்கிறது. எல்லாச் செருகுநிரல்களும் அப்படியல்ல. எனது வழக்கம் இது: முதலில் செருகுநிரலின் புதிய வெளியீடு ஏதும் உண்டா என்று பார்ப்பேன், அதிலேயே வேண்டிய நூலகப் பதிப்பு இருந்தால் செருகுநிரலை மட்டும் உயர்த்திவிடுவேன், இல்லாதபோதுதான் சார்பைத் தனியாக மாற்றுவேன்.

மாற்ற முடியாதவையும் உண்டு. மேவனின் சொந்த உள்நூலகங்களான மேவன் கோர், மேவன் ப்ளகின் ஏபிஐ போன்றவற்றை மேவனே செருகுநிரல்களுக்குத் தருகிறது. அவற்றின் பதிப்பைச் சார்பாக எழுதினாலும் மேவன் அதை ஒதுக்கிவிட்டுத் தன்னுடையதையே கொடுக்கும். அவை மாற வேண்டுமென்றால் மேவனையே மாற்ற வேண்டும்.

சொந்த விதிகளை ஒரு ஜார் கோப்பாக்கிக் கொடுத்தல்

செருகுநிரல் சார்பு நிரலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பல மாட்யூல்கள் கொண்ட திட்டத்தில் செக்ஸ்டைலின் விதிக் கோப்பை எங்கே வைப்பது என்பது வழக்கமான தொல்லை. மேல் அடைவில் வைத்து, மாட்யூலிலிருந்து மேலே ஏறும் பாதையை எழுதினால், மாட்யூல்களின் ஆழம் மாறும்போதெல்லாம் பாதை தவறும். இதற்குப் பதிலாக, விதிக் கோப்பை மட்டும் ரிசோர்சஸ் அடைவில் கொண்ட ஒரு சிறு மாட்யூலை உருவாக்கி, அதன் ஜார் கோப்பைச் செக்ஸ்டைல் செருகுநிரலுக்குச் சார்பாகக் கொடுத்துவிடலாம். விதிக் கோப்பின் இடத்தைக் குறிக்கும் அமைப்பு, தன் கிளாஸ்பாத்திலும் தேடும் என்பதால், கோப்பின் பெயரை எழுதினாலே போதும்.

மாட்யூல்களை எந்த வரிசையில் கட்டுவது என்று தீர்மானிக்கும்போது மேவன் செருகுநிரல் சார்புகளையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆகவே விதி மாட்யூல் தானாகவே முதலில் கட்டப்படும். அந்த விதி மாட்யூல் மட்டும், செக்ஸ்டைலை எல்லோருக்கும் இயக்கிவைக்கும் பெற்றோர் பாமின் பிள்ளையாக இருக்கக் கூடாது. இருந்தால், அதைக் கட்ட அதுவே தேவை என்ற வட்டச் சுழல் உண்டாகி மேவன் மறுத்துவிடும். ஒரே ஒரு மாட்யூலைத் தனியாகக் கட்டும்போது, விதி மாட்யூல் ஏற்கெனவே உள்ளூர்க் களஞ்சியத்தில் நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பல மாட்யூல்களுக்கு ஒரே இடத்தில்

பெற்றோர் பாமில் ப்ளகின்மேனேஜ்மென்ட் என்ற பகுதிக்குள் செருகுநிரலின் பதிப்பையும் சார்புகளையும் ஒருமுறை எழுதிவிட்டால், பிள்ளை மாட்யூல்கள் அந்தச் செருகுநிரலின் பெயரை மட்டும் எழுதினாலே அவை வந்து சேரும். இந்தப் பகுதியில் எழுதியதனால் மட்டும் எதுவும் இயங்கிவிடாது. அது சமையல் குறிப்பு, சமையல் அன்று. மேவன் 2 காலத்தில், ஒரே செருகுநிரலுக்கு இரு மாட்யூல்களில் இருவேறு சார்புகள் கொடுத்தால், முதலில் கட்டப்பட்ட மாட்யூலின் சார்புகளே மற்றதற்கும் ஒட்டிக்கொள்ளும் குறை இருந்தது. மேவன் 3 இல் அது நீங்கிவிட்டது. பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு, எல்லாச் சார்புகளையும் முதல் மாட்யூலில் குவித்துவைக்க வேண்டிய தேவை இன்றில்லை.

பிழைச்செய்தியை வகை பிரித்துப் படித்தல்

செருகுநிரல் சார்புகளால் வரும் பிழைகளில் பெரும்பாலானவை மூன்று வகைக்குள் அடங்கும். எந்த வகை என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எனவே கீழே ஓடிப்போகும் ஸ்டேக் டிரேஸைப் பார்த்து மலைக்காமல், எர்ரர் என்று தொடங்கும் முதல் வரியை நிதானமாகப் படியுங்கள்.

முதல் வகையில், இந்தச் செருகுநிரலையோ அதன் சார்புகளில் ஒன்றையோ கண்டடைய முடியவில்லை என்ற பொருளில் செய்தி வரும். இது தரவிறக்கச் சிக்கல். நிரல் இன்னும் ஓடவே தொடங்கவில்லை. பெயரிலோ பதிப்பெண்ணிலோ எழுத்துப்பிழை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் களஞ்சியத்தைப் பாருங்கள். திட்டச் சார்புகளை ரெப்பாசிட்டரீஸ் பகுதியில் எழுதிய களஞ்சியங்களிலும், செருகுநிரல்களையும் அவற்றின் சார்புகளையும் ப்ளகின்ரெப்பாசிட்டரீஸ் பகுதியில் எழுதிய களஞ்சியங்களிலும் மேவன் தேடுகிறது. நிறுவனத்தின் உள்களஞ்சியத்தை முதல் பகுதியில் மட்டும் எழுதிவிட்டு, அங்கிருக்கும் ஜார் கோப்பு செருகுநிரலுக்குக் கிடைக்கவில்லையே என்று தேடுவது இந்த வகையில் அடிக்கடி நடப்பது. செட்டிங்ஸ் கோப்பில் எல்லாவற்றுக்கும் பொதுவான மிரரை, அதாவது எல்லாத் தேடலையும் ஒரே களஞ்சியத்துக்குத் திருப்பும் ஏற்பாட்டை, அமைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பழைய பாம் கோப்புகளில் களஞ்சிய முகவரி எச்டிடிபி என்று தொடங்கினால் அதுவும் தடையாகும். மேவனின் பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரல் 2020 ஜனவரி 15 முதல் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்பை மட்டுமே ஏற்கிறது. 2021 இல் வந்த மேவன் 3.8.1, வெளியிலுள்ள எச்டிடிபி களஞ்சியங்கள் அனைத்தையும் தானே தடுத்துவிடுகிறது. முகவரியைத் திருத்திய பின்னும் அதே பிழை வந்தால் திகைக்க வேண்டாம். ஒருமுறை கிடைக்காமல் போனதை மேவன் உள்ளூர்க் களஞ்சியத்தில் குறித்துவைத்துக்கொண்டு, குறிப்பிட்ட காலம் வரை மறுபடி தேடாமல் இருக்கும். கட்டளையோடு ஒற்றைக் கோடும் பெரிய எழுத்து யூவும் சேர்த்தால் மீண்டும் தேடச் சொல்லிவிடலாம்.

இரண்டாம் வகையில், செருகுநிரலை இயக்குகையில் தேவையான வகுப்பொன்று இல்லை என்று மேவன் சொல்லும்; வகுப்பின் பெயரும் உடன் வரும். தரவிறக்கம் முடிந்து நிரல் ஓடத் தொடங்கிவிட்டது, ஆனால் கருவிப் பையில் ஒரு கருவி குறைகிறது என்று பொருள். அந்த வகுப்பு எந்த நூலகத்தைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்து, செருகுநிரலுக்குள் சார்பாகச் சேர்க்க வேண்டும்.

மூன்றாம் வகையில், ஏபிஐ பொருத்தமின்மை என்ற செய்தியும், பெரும்பாலும் நோசச்மெத்தட்எர்ரர் என்ற பெயரும் வரும். நூலகம் இருக்கிறது, ஆனால் பதிப்பு சரியில்லை. யாரோ ஒருவர் ஏற்கெனவே ஒரு சார்பைச் சேர்த்து, அது செருகுநிரலின் நூலகத்தை மீறிக்கொண்டதால் இது வருவதுண்டு. ஆகவே புதிதாக ஒன்றைச் சேர்க்குமுன், பாம் கோப்பில் இருக்கிற செருகுநிரல் சார்புகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். ஜாவா 8 இல் செக்ஸ்டைல் 10 ஐ ஓட்ட முயல்வதும் இதற்கு நெருங்கிய உறவுதான். அப்போது வகுப்புக் கோப்பின் பதிப்பு 55, இந்த ஜாவா அறிந்தது 52 வரைதான் என்று செய்தி வரும். 55 என்பது ஜாவா 11, 52 என்பது ஜாவா 8.

இரண்டாம், மூன்றாம் வகைகளில் மேவன் ஓர் உதவியைத் தானாகவே செய்கிறது. பிழைக்குக் கீழே ரெல்ம் என்று தொடங்கும் வரியில் எந்தச் செருகுநிரலின் கிளாஸ் ரெல்ம் என்பதையும், அதற்கடுத்து யூஆர்எல்ஸ் என்ற பெயரில் எண்ணிட்டு, அதனுள் இருந்த ஜார் கோப்புகள் அனைத்தையும் அச்சிடுகிறது. உங்கள் நூலகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, எந்தப் பதிப்பில் இருக்கிறது என்பதை அங்கேயே பார்த்துவிடலாம். நானும் தொடக்கத்தில் அந்த நீண்ட பட்டியலை இரைச்சல் என்று தாண்டிப்போனவன்தான்.

பிழை வராதபோதும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க விரும்பினால், டிபென்டென்சி:ட்ரீ என்ற புகழ்பெற்ற கட்டளை உதவாது. அது திட்டச் சார்புகளை மட்டுமே காட்டும். டிபென்டென்சி:ரிசால்வ்-ப்ளகின்ஸ் என்ற கட்டளை செருகுநிரல்களையும் அவற்றின் நூலகங்களையும் பொதுவாகக் காட்டும். உங்கள் மாற்றத்துக்குப் பிறகு உண்மையில் எவை சேர்ந்தன என்பதற்கு, ஒற்றைக் கோடும் பெரிய எழுத்து எக்ஸும் சேர்த்து விரிவான பதிவோடு பில்டை ஓட்டி, வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து, பாப்புலேட்டிங் கிளாஸ் ரெல்ம் என்ற சொற்களைத் தேடுங்கள். அதன் கீழ் இன்க்ளூடட் என்று வரிசையாக நிற்பவைதான் இறுதிச் சொல். நீங்கள் எழுதாத ஒரு சார்பு அங்கே தென்பட்டால், ஹெல்ப்:எஃபெக்டிவ்-பாம் கட்டளையை வெர்போஸ் என்ற அமைப்போடு இயக்குங்கள். எந்த வரி எந்தப் பெற்றோர் பாமிலிருந்து வந்தது என்பதை அது வரிக்கு வரி எழுதிக் காட்டும்.

மேவனை உயர்த்தியதும் உடைந்த செருகுநிரல்

இரண்டாம் வகைக்கு நல்ல பாடமாக அமைந்தது மேவன் 3.9. ப்ளெக்சஸ் யூட்டில்ஸ் என்ற சிறு நூலகத்தின் மிகப் பழைய பதிப்பொன்றை, மேவன் 2 எல்லாச் செருகுநிரல்களுக்கும் கேட்காமலேயே கொடுத்துவந்தது. பழைய செருகுநிரல்கள் உடையக் கூடாது என்று மேவன் 3 உம் அதைத் தொடர்ந்தது. பல செருகுநிரல்கள் அந்த நூலகத்தைத் தம் பாம் கோப்பில் எழுதாமலேயே பயன்படுத்திப் பழகிவிட்டன. 3.9 இல் இந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டது. நான் பணியாற்றிய ஒரு திட்டத்தில், பில்ட் சர்வரில் மேவனை உயர்த்திய மறுநாள், நெடுங்காலமாக யாரும் தொடாத ஒரு செருகுநிரல் வகுப்பு இல்லை என்று நின்றது. பாம் கோப்பில் ஓர் எழுத்தும் மாறாததால் பாதி நாள் வலையமைப்பைச் சந்தேகித்துக்கொண்டிருந்தோம். ரெல்ம் பட்டியலைப் பார்த்த பிறகே ப்ளெக்சஸ் யூட்டில்ஸ் அங்கே இல்லை என்பது தெரிந்தது. அந்தச் செருகுநிரலுக்குப் புதிய வெளியீடு இல்லாததால், ப்ளகின் குறிக்குள் அந்த நூலகத்தை நாங்களே சார்பாக எழுதிச் சரிசெய்தோம்.

சேர்த்ததைப் பேணுதல்

செருகுநிரல் சார்பு எழுதும்போதே அதன் மேலே ஒரு குறிப்புரை எழுதுங்கள்: ஏன் சேர்த்தோம், எது நடந்தால் நீக்கலாம். இதை எழுதாத திட்டங்களில், காரணம் மறைந்த பின்னும் காரியம் மட்டும் பல ஆண்டுகள் நிற்கும். செருகுநிரல் புதிய நூலகத்துக்கு மாறிய பிறகும் பழைய வரி அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். மோஜோஹாஸின் வெர்ஷன்ஸ் செருகுநிரலில், டிஸ்ப்ளே-ப்ளகின்-அப்டேட்ஸ் என்ற கட்டளை செருகுநிரல்களின் புதிய வெளியீடுகளையும், டிஸ்ப்ளே-டிபென்டென்சி-அப்டேட்ஸ் என்ற கட்டளை திட்டச் சார்புகளோடு செருகுநிரல் சார்புகளின் புதிய பதிப்புகளையும் காட்டும். மாதம் ஒருமுறை இரண்டையும் ஓட்டினால் போதுமானது.

பாதுகாப்புக் குறைபாடுள்ள நூலகம் செருகுநிரலுக்குள் இருந்தால், அது கட்டி முடித்த ஜார் கோப்புக்குள் போகாதே என்று சிலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். அது ஓடுமிடம் பில்ட் சர்வர். வெளியீட்டுச் சாவிகளும் களஞ்சியக் கடவுச்சொற்களும் அங்கேதான் இருக்கின்றன. அதனால் குறைபாடு தேடும் கருவிகளை அமைக்கும்போது செருகுநிரல் சார்புகளையும் அவை பார்க்கின்றனவா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மாற்றத்தைக் குழுவினரோடு பகிரும் முன் கடைசியாக ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் உள்ளூர்க் களஞ்சியத்தில் மாதக்கணக்கில் சேர்ந்திருக்கும் ஜார் கோப்புகள், பாம் கோப்பிலும் களஞ்சிய அமைப்பிலும் உள்ள குறைகளை மறைத்துவிடும். மேவன்.ரெப்போ.லோக்கல் என்ற அமைப்புக்கு வெறும் அடைவொன்றின் பாதையைக் கொடுத்து பில்டை முழுமையாக ஓட்டினால், மேவன் அனைத்தையும் புதிதாகத் தரவிறக்க வேண்டியிருக்கும். முதல் ஓட்டம் நீண்ட நேரம் எடுக்கும். தேநீர் குடித்துவிட்டு வரலாம். அது பிழையின்றி முடிந்தால், நாளை புதிதாகச் சேர்பவரின் கணினியிலும் இதே பாம் கோப்பு முதல் முறையிலேயே ஓடும்.